பங்கின் விலையைக் கேட்ட மனிதர்: பெரோஸ் காந்தியும் அரச நிறுவனங்களின் இரகசியமும்

பெரோஸ் காந்தியை எங்களில் பலர் உறவுமுறை சொல்லித்தான் அறிவோம். நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர், ராஜீவ் காந்தியின் தந்தை. மூன்றாவது உறவைச் சொன்னதும் எமது வாசகர்கள் சிலருக்கு மேற்கொண்டு வாசிக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். 1987இல் கையெழுத்தான ஒப்பந்தமும், அமைதி காக்க என்று வந்த படையும் வடக்கு கிழக்கில் விட்டுச் சென்ற நினைவுகள் அப்படிப்பட்டவை. ஆனால் பெரோஸ் 1960இலேயே இறந்துவிட்டார். அப்போது மூத்த மகன் ராஜீவுக்கு 16 வயது. மகனின் கணக்கைத் தந்தையின் பெயரில் எழுத முடியாது.

இவரைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் அந்தக் குடும்பம் அல்ல. அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் எதை வாங்கியது, யாரிடம் வாங்கியது, என்ன விலைக்கு வாங்கியது என்று கேட்டால், அது வியாபார விடயம், வெளியில் சொல்ல முடியாது என்ற பதில் இன்றும் வருகிறது. அந்த இரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை ஒரு நாடே பார்க்கும்படி திறந்து காட்டியவர் இவர். அவர் காட்டியது 1957ஆம் ஆண்டின் இந்தியாவில். அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அலகாபாத் இளைஞன்

பெரோஸ் 1912 செப்டெம்பர் 12ஆம் திகதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை கப்பல் பொறியியலாளர். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைசி. மகாத்மா காந்திக்கும் இந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. தந்தை இறந்த பிறகு தாயுடன் அலகாபாத்துக்கு வந்து, அங்கே பெண்கள் வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த சிறிய தாயாரின் வீட்டில் வளர்ந்தார்.

1930இல் இவர் படித்த யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியின் வாசலில் காங்கிரஸ் பெண்கள் மறியல் செய்தார்கள். கடும் வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். அவர் நேருவின் மனைவி கமலா. உதவிக்கு ஓடியவர்களில் பெரோஸும் ஒருவர். அதன் பின்னர் படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார். அந்த ஆண்டே கைதாகி, பின்னாளில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியோடு பைசாபாத் சிறையில் 19 மாதங்கள் இருந்தார். பிறகு லண்டன் சென்று பொருளியல் கல்லூரியில் படித்தார். 1942 மார்ச்சில் இந்திராவைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மீண்டும் சிறை.

1946இல் லக்னோவில் நேரு தொடங்கியிருந்த நேஷனல் ஹெரால்ட் பத்திரிகையின் முகாமைப் பணிப்பாளரானார். ஊடகக் கற்கை படித்தவன் என்ற வகையில் இந்தக் காலத்தை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரு செய்தி அச்சேறுவதற்கு முன் அதைத் தடுக்கும் பயங்கள் எவை என்பதை ஒரு பத்திரிகையை நடத்திப் பார்த்தவர் அறிவார். பாராளுமன்றத்தில் பின்னர் அவர் செய்த ஒரு காரியத்துக்கு அந்த அனுபவம் அடித்தளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்று வருட மௌனம்

சுதந்திர இந்தியாவின் முதலாவது பொதுத் தேர்தலில், 1952இல், ரேபரேலி பகுதியிலிருந்து பெரோஸ் லோக்சபாவுக்குத் தெரிவானார். இந்திரா பிள்ளைகளோடு பிரதமரின் தீன்மூர்த்தி இல்லத்தில் தந்தைக்குத் துணையாக இருந்தார். பெரோஸ் தனக்கு ஒதுக்கப்பட்ட உறுப்பினர் விடுதியில் தங்கிக்கொண்டார். பிரதமரின் மருமகன் என்ற அடையாளம் அவருக்குச் சுமையாகவே இருந்தது.

முதல் மூன்று வருடங்கள் சபையில் அவர் பெரிதாக வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்தபடி படித்தார். கம்பனிகளின் ஐந்தொகை, பங்குச் சந்தை விலைப்பட்டியல், காப்புறுதி நிறுவனங்களின் ஆண்டறிக்கை என்று யாரும் விரும்பிப் படிக்காத காகிதங்களே அவருடைய ஆயுதம்.

1955 டிசெம்பரில் அவர் எழுந்து பேசியபோது குறி வைத்தது நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரான ராமகிருஷ்ண டால்மியாவை. வங்கி ஒன்றுக்கும் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கும் தலைவராக இருந்தவர், பொதுமக்கள் நம்பிக் கட்டிய பணத்தைத் திருப்பிவிட்டு, டைம்ஸ் ஒஃப் இந்தியா பத்திரிகையை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனத்தை 1946இல் வாங்கினார் என்பதைப் பெரோஸ் கணக்கோடு எடுத்து வைத்தார். காப்புறுதிப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக டால்மியா பின்னர் இரண்டு வருட சிறைத்தண்டனை பெற்றார்.

ஆயுள் காப்புறுதி என்பது சாதாரண வியாபாரம் அல்ல. ஒரு குடும்பத் தலைவர் தான் இல்லாத நாளில் பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்று மாதாமாதம் கட்டும் பணம் அது. அதைத் தனியார் முதலாளிகள் தங்கள் பணப்பெட்டியாகப் பயன்படுத்தினார்கள் என்பதே அந்த விவாதத்தின் சாரம். 1956 ஜனவரியில் அரசாங்கம் ஆயுள் காப்புறுதி முழுவதையும் தன் கையில் எடுத்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டெம்பர் 1ஆம் திகதி ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. அரசு இட்ட மூலதனம் 5 கோடி ரூபா.

பத்திரிகைக்கு ஒரு கவசம்

அதே 1956இல் பெரோஸ் இன்னொரு காரியம் செய்தார். பாராளுமன்றத்துக்குள் ஒரு உறுப்பினர் எதையும் பேசலாம்; அதற்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் பேசியதைப் பத்திரிகை அப்படியே அச்சிட்டால் பத்திரிகைமீது அவதூறு வழக்குப் பாயலாம். பணபலம் உள்ளவர்களைப் பற்றிய குற்றச்சாட்டு சபையில் எழும்போது, பத்திரிகை ஆசிரியர்கள் பயந்து பாதியை வெட்டிவிடுவார்கள். பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டது பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

பெரோஸ் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். பாராளுமன்ற நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாக, தீய நோக்கமின்றி, பொதுநலனுக்காக வெளியிடும் பத்திரிகைக்கும் வானொலிக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதே அதன் உள்ளடக்கம். அது சட்டமாகியது. அமைச்சர் அல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் கொண்டுவந்த சட்டமூலம் சட்டமாவது எந்த நாட்டிலும் அபூர்வம். இந்தியாவில் இன்றும் அதைப் பெரோஸ் காந்தி சட்டம் என்று சொல்பவர்கள் உண்டு.

பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க ஒருவர், அந்தக் கேள்வியை மக்களிடம் கொண்டுபோகப் பயமில்லாத ஒரு பத்திரிகை. இந்த இரண்டும் தயாராக இருந்தபோதுதான் அடுத்த சம்பவம் நடந்தது.

1957 ஜூன்: ஆறு கம்பனிகள்

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவைச் சேர்ந்தவர். மின்குமிழ் விற்பனையாளராகத் தொடங்கி, பங்குச் சந்தைச் சூதாட்டத்தால் பெரிய கம்பனிகளின் கட்டுப்பாட்டைப் பிடித்தவர். கள்ளப் பங்குப் பத்திரங்கள் தொடர்பாக 1956இலேயே அவர்மீது பம்பாய் பங்குச் சந்தையில் குற்றச்சாட்டு இருந்தது. 1957 நடுப்பகுதியில் அவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஜூன் மாதக் கடைசியில், சில நாட்களுக்குள், முந்த்ராவின் ஆறு கம்பனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெசப், ஸ்மித் ஸ்டேனிஸ்ட்ரீட், ஒஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கோர்ப்பரேஷன் என்பன அவை. தொகை ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் ரூபா. கூட்டுத்தாபனம் தொடங்க அரசு இட்ட மூலதனத்தின் கால் பங்குக்குச் சமமான தொகை அது. எல்.ஐ.சி.யில் முதலீடுகளை ஆராய்வதற்கென்றே ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அந்தக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. வாங்கி முடிந்த பின்னரே அறிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. முதலில் கேட்டவர்களில் காங்கிரஸ் உறுப்பினர் ராம் சுபக் சிங்கும் ஒருவர். பதில்கள் சுற்றி வளைத்தே வந்தன. 1957 டிசெம்பர் 16ஆம் திகதி பெரோஸ் விவாதத்தைத் தொடங்கினார்.

அவர் ஆவேசமாகக் குரல் உயர்த்திப் பேசுபவர் அல்லர். தான் உருவாக்கிய மிகப்பெரிய நிதி நிறுவனத்தைக் கண்காணிக்கும் கடமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்ற இடத்திலிருந்து தொடங்கினார். பிறகு திகதி, விலை, எண்ணிக்கை என்று அடுக்கினார். இன்ன கம்பனியின் பங்கு சந்தையில் என்ன விலைக்குப் போனது, எல்.ஐ.சி. கொடுத்த விலை என்ன. வாங்குவதற்கு முந்தைய நாட்களில் விலை எப்படித் திடீரென ஏறியது, அந்த நாட்களில் சந்தையில் அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டிருந்தது யார். நிதியமைச்சருக்கும் அவருடைய பிரதான செயலாளருக்கும் இடையிலான இரகசியக் கடிதங்களும் அவர் கைக்கு வந்திருந்தன. மறுக்க இடமில்லாமல் போனது.

எதிரே அமர்ந்திருந்த நிதியமைச்சர் ரி.ரி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையிலிருந்து வந்த தமிழர். அரசியலுக்கு வரும் முன் வெற்றிகரமான வியாபாரி. நேருவின் நம்பிக்கைக்குரியவர். கேள்வி கேட்டவர் அதே கட்சி, அதே பிரதமரின் மருமகன். எதிர்க்கட்சி செய்திருந்தால் அரசியல் என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர் செய்ததை ஒதுக்க முடியவில்லை.

யாரிடமிருந்து மறைத்தார்கள்?

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வியாபாரத்தில் இரகசியம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பெரிய நிறுவனம் நாளைக்குப் பங்கு வாங்கப் போகிறது என்று இன்றைக்கே தெரிந்தால் விலை ஏறிவிடும். நட்டப்படுவது மக்களின் பணம். விலைமனு திறக்கப்படும் முன் ஒருவர் குறித்த விலையை மற்றவருக்குச் சொன்னால் போட்டியே கெட்டுவிடும். இவை நியாயமான இரகசியங்கள்.

முந்த்ரா விடயத்தில் நடந்தது என்ன? வாங்கும் முன் இரகசியமாக இருக்க வேண்டிய விடயம், விற்பவருக்கு முழுமையாகத் தெரிந்திருந்தது. ஏனென்றால் யோசனையோடு வந்ததே அவர்தான். வாங்கிய பின் வெளிப்படையாக இருக்க வேண்டிய விடயம், பணத்தின் சொந்தக்காரர்களான காப்புறுதிதாரர்களுக்குத் தெரியாமல் இருந்தது. இரகசியம் தலைகீழாக நின்றது.

போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற காரணமும் அங்கே எடுபடாது. 245 நிறுவனங்களையும் விழுங்கிய பிறகு அன்றைய இந்தியாவில் ஆயுள் காப்புறுதியில் எல்.ஐ.சி.யோடு போட்டியிட யாரும் இருக்கவில்லை. போட்டியாளரே இல்லாத ஒரு நிறுவனம் யாருக்குப் பயந்து கணக்கை மறைக்க வேண்டும்? மிஞ்சுவது ஒரே தரப்புத்தான். அது பணம் கட்டிய மக்கள்.

ஒலிபெருக்கி வைத்து நடந்த விசாரணை

1958 ஜனவரியில் அரசாங்கம் ஒருநபர் ஆணைக்குழுவை நியமித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் எம்.சி. சாக்ளா. விசாரணைகளைக் கதவு திறந்து நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல், கூட்டுத்தாபனத்தின் தலைவர், றிசேர்வ் வங்கியின் ஆளுநர் என்று பெரிய மனிதர்கள் வந்து சாட்சியம் சொல்வதைத் தெருவில் நின்ற சனங்கள் கேட்டார்கள். சாக்ளா முழு வேலையையும் 24 நாட்களில் முடித்து, பெப்ரவரி 10ஆம் திகதி அறிக்கையைக் கொடுத்தார்.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் ஆணைக்குழுக்கள் நினைவுக்கு வராமல் இல்லை. வருடக்கணக்கில் நீளும் அமர்வுகள், வெளிவராத அறிக்கைகள், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன தாய்மார். விசாரணை விரைவாகவும் வெளிப்படையாகவும் நடக்க முடியும் என்பதற்கு 24 நாட்கள் என்ற அந்த எண் ஒரு சாட்சி.

கல்கத்தா பங்குச் சந்தை சரியாமல் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்பது அரச தரப்பின் விளக்கம். சாக்ளா அதை ஏற்கவில்லை. சந்தையைத் தாங்குவது நோக்கமென்றால் ஒரே மனிதரின் கம்பனிகளில் மட்டும் பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை. அமைச்சர் தனக்குத் தெரியாது என்றார். செயலாளர் அமைச்சரின் ஒப்புதல் இருந்தது என்றார். தனக்குக் கீழே உள்ளவர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்பது சாக்ளாவின் முடிவு.

அறிக்கையில் அவர் சொன்ன கொள்கைகளே அதன் நிரந்தரப் பகுதி. அரசாங்கம் கூட்டுத்தாபனங்களின் அன்றாட விடயங்களில் தலையிடக் கூடாது. தலையிட விரும்பினால் எழுத்தில் பணிப்புரை கொடுத்து அதன் பொறுப்பை ஏற்க வேண்டும். தொலைபேசியிலும் தேநீர் மேசையிலும் சொல்லிவிட்டுக் கை கழுவக் கூடாது. அரச சேவையிலிருந்து கூட்டுத்தாபனத்துக்குப் போகும் அதிகாரி தன் விசுவாசம் அந்த நிறுவனத்துக்கே உரியது என்பதை உணர வேண்டும். காப்புறுதிதாரரின் பணம் காப்புறுதிதாரரின் நன்மைக்கே போக வேண்டும். அமைச்சர்கள் எல்லா உண்மைகளையும் ஆரம்பத்திலேயே பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வேறு வழிகளில் கசிந்து தெரியவரும்போதுதான் சங்கடம் பிறக்கிறது.

அந்தப் பெப்ரவரியிலேயே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நேரு மனவருத்தத்தோடு அவரை அனுப்பினார். முந்த்ரா கைதாகிச் சிறை சென்றார். கதை அதோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணமாச்சாரி 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். அன்றைய நிதிச் செயலாளர் பட்டேல் 1977இல் ஜனதா அரசில் தானே நிதியமைச்சரானார். ஒரு விசாரணை மனிதர்களை நிரந்தரமாக அகற்றிவிடும் என்று நம்பத் தேவையில்லை. அது பதிவை விட்டுச் செல்கிறது.

கேள்வி கேட்டவர் நிர்வாகியானபோது

பெரோஸ் அரச நிறுவனங்களுக்கு எதிரானவர் என்று இதை வைத்து நினைத்தால் தவறு. தனியார் கையில் இருந்த டெல்கோ நிறுவனம் ரயில்வேக்கு விற்ற இயந்திரங்களின் விலை ஜப்பானிய இயந்திரங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டி, அதை அரசுடைமையாக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். டெல்கோ டாட்டாக்களுடையது. டாட்டாக்களும் பார்சிகள். சொந்தச் சமூகத்தில் அவருக்கு எதிர்ப்பு வந்தது, அவர் பின்வாங்கவில்லை.

1958இல் அரச எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான இந்தியன் ரிஃபைனரீஸ் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராகப் பெரோஸ் நியமிக்கப்பட்டார். பின்னாளில் இந்தியன் ஒயில் கோர்ப்பரேஷன் ஆனதன் ஒரு வேர் அந்த நிறுவனம். அரச நிறுவனம் ஒன்றைக் குறுக்கு விசாரணை செய்த மனிதரிடமே இன்னொரு அரச நிறுவனம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் சொத்தாக ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்தான் அதன் கணக்கை அதிகம் கேட்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை சொல்கிறது. கணக்குக் காட்டாத அரச நிறுவனம், அதை விற்றுவிடத் துடிப்பவர்களுக்கே வாய்ப்பான காரணமாகிறது.

அதே 1958இல் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. பூட்டானில் தந்தையோடு இருந்த இந்திரா திரும்பி வந்து பராமரித்தார். 1960 செப்டெம்பர் 8ஆம் திகதி டில்லி வில்லிங்டன் வைத்தியசாலையில், 48ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, இரண்டாவது மாரடைப்பில் இறந்தார். அவருடைய சாம்பல் அலகாபாத்தின் பார்சி மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

மனைவி நீக்கிய சட்டம்

அவருடைய ரேபரேலித் தொகுதியைப் பின்னர் இந்திரா தனதாக்கிக்கொண்டார். அங்கே அவர் 1971இல் பெற்ற வெற்றி செல்லாது என்று 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்தது அவசரகால நிலை. பத்திரிகைத் தணிக்கையோடு, அந்த டிசெம்பரில் பெரோஸ் கொண்டுவந்த சட்டமும் நீக்கப்பட்டது. கணவர் பத்திரிகைகளுக்குக் கொடுத்த கவசத்தை மனைவியின் அரசாங்கம் பறித்தது.

1977இல் ஆட்சி மாறியதும் அந்தச் சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது. 1978இல் அதன் சாரம் இந்திய அரசியலமைப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. தகவலை வெளிக்கொணரும் உரிமை, மறைக்க வேண்டிய தேவை வரும்போது முதலில் பறிபோகும் பொருள் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் வளர்ந்த எங்களுக்கு இது விளக்கம் தேவையில்லாத பாடம்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இலங்கையும் இதே வழியால் வந்த நாடுதான். 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 2003இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. அந்த விற்பனை நடந்த முறை சட்டத்துக்கு முரணானது என்று 2009 ஜூன் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, கூட்டுத்தாபனத்தை அரசுக்கே திருப்பியது. யுத்தம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் சனங்கள் மெனிக் பாம் முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. கொழும்பில் அன்று தீர்ப்பான விடயம் தங்களுக்கும் சொந்தமான ஒரு சொத்தைப் பற்றியது என்று அந்த வரிசையில் நின்ற யாருக்குத் தெரிந்திருக்கும்?

அரச நிறுவனம் என்பது எங்களுக்குத் தூரத்து விடயம் அல்ல. காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், ஆனையிறவு உப்பளம், வாழைச்சேனை காகித ஆலை. இவற்றின் சங்கு ஒலிக்கு எழும்பி வேலைக்குப் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. யுத்தம் இவற்றைச் சிதைத்தது. அதன் பின் எழும் கேள்விகள் சாதாரணமானவை. பழைய இரும்பு யாருக்கு, என்ன விலைக்குப் போனது? நிறுவனத்தின் காணி எவருக்கு, எத்தனை வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது? பழைய தொழிலாளர்களின் நிலுவை எங்கே? பெரோஸ் கேட்டதும் இதே வகைக் கேள்விகள்தான்: யாரிடம், எப்போது, என்ன விலைக்கு.

இரண்டு வருடங்களுக்கு முன் வன்னியில் உள்ள ஒரு காணியின் குத்தகை உடன்படிக்கையை அரச நிறுவனம் ஒன்றிடம் நான் தகவல் உரிமை விண்ணப்பம் மூலம் கேட்டேன். வணிக இரகசியம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எந்த இரகசியம், யாருடையது, வெளிப்பட்டால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எதுவும் இல்லை. காணிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டினேன். அவர்கள் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரண்டு வரியோடு முடிவதில்லை. அரச கூட்டுத்தாபனங்களும், அரசு 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. வணிக இரகசியத்தைக் காட்டி மறுக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது மூன்றாம் தரப்பு ஒன்றின் போட்டி நிலைக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு. வெளிப்படுத்துவதால் வரும் பொதுநலன் அந்தப் பாதிப்பைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கவே வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கொழும்பில் சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. தமிழில் எழுதலாம்.

அரச நிறுவனங்களை ஆராய 1979 முதல் கோப் குழு இருக்கிறது. அதில் எங்கள் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். வடக்கு கிழக்கில் சொத்து வைத்திருக்கும் அரச நிறுவனங்களின் ஆண்டறிக்கையை அவர்களில் எத்தனை பேர் பெரோஸைப் போல வரி வரியாக வாசித்துவிட்டுப் போகிறார்கள் என்பது வாக்காளர்கள் அவர்களிடம் நேரில் கேட்க வேண்டிய கேள்வி. உரிமை பற்றிய பெரிய உரைகள் எமக்குத் தேவை. ஓர் ஏக்கரின் குத்தகைத் தொகை என்ன என்று கேட்கும் சிறிய கேள்வியும் தேவை. முந்த்ரா விவகாரத்தில் ஒரு நிதியமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கியது பெரிய உரை அல்ல. ஆறு கம்பனிப் பங்குகளின் அன்றைய சந்தை விலை.

பெரோஸ் காந்திக்கு அதிகாரப் பதவி எதுவும் இருக்கவில்லை. அமைச்சராகவே இருந்ததில்லை. பொறுமையாக வாசிக்கும் பழக்கமும், தன் பக்கத்தவரையே கேட்கும் துணிவும் இருந்தன. இரண்டாவது கடினமானது. எங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையோ, கோவில் அறங்காவலர் சபையின் கணக்கையோ கேட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். தன் வீட்டுக் கணக்கைக் கேட்டுப் பழகிய சமூகமே அரசிடமும் அதே குரலில் கேட்கும்.